பிரேக் டீச்சர் சொன்ன விலை

நாங்கள் இருவரும் சேர்ந்து கடைசியாகச் செய்த காரியம், விற்பனைக்கு நின்ற ஒரு காருக்குள் உட்கார்ந்து அதன் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து திறந்து மூடியது. நான் ஸ்டீயரிங் முன்னால் இருந்தேன். என் நாத்தனார் பக்கத்து இருக்கையில். பெட்டியின் கதவைத் தள்ளினாள். மூடிக்கொள்வதுபோல் போய், மெல்ல மறுபடி வாயைத் திறந்தது. திரும்பத் தள்ளி, மேலே ஒரு தட்டுத் தட்டினாள். மூடியது.

"பாத்தீங்களா அண்ணி? ஒரு தடவை சொன்னா கேக்காது. ரெண்டாவது தடவை தட்டணும். எங்கண்ணன் மாதிரியே."

"உங்க குடும்பமே அப்படித்தானே."

"என்னைச் சேர்க்காதீங்க. என்னைப் பத்துத் தடவை தட்டினாலும் மூட மாட்டேன்."

வெளியே டை கட்டிய விற்பனையாளர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். குரலில் தேன் வழியும். அதனால் அவருக்கு அவள் 'சர்க்கரை' என்று பெயர் வைத்திருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் என்னிடம் சொன்னாள்: "ஏழு லட்சத்துப் பதினஞ்சு. இந்தப் பெட்டிக்கு அஞ்சு கழிச்சா ஏழு பத்து. அதுதான் நியாயம்."

அவளுக்கு அது தெரியும். இருபது வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தவள். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் மிதித்த மிதியில் இந்த ஊரில் பாதிப்பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அவளுடைய பெருமை. மாணவர்கள் அவளைப் பிரேக் டீச்சர் என்றார்கள். பிறகு வீட்டிலும் அதுவே ஆயிற்று. வேறு யாருடைய வண்டியில் ஏறினாலும், டாக்சியானாலும், இல்லாத பிரேக்கை அவள் கால் தேடும். அன்று அந்தக் காரிலும், வண்டி நின்றுகொண்டிருந்தபோதே, தரைவிரிப்பை மிதித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வண்டி எனக்காக. நான் வேலை பார்க்கும் நூலகத்தை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பஸ் போகாது. நாற்பத்தொன்பது வயதில் அவளிடமே ஓட்டக் கற்று, மூன்று தடவை தோற்று, நான்காவது தடவை லைசென்ஸ் வாங்கியிருந்தேன். புது வண்டி எட்டரை லட்சத்துக்கு மேல். இது டெமோ வண்டி. வாங்க வருகிறவர்கள் ஓட்டிப் பார்க்கக் கடையிலேயே வைத்திருந்தது. ஒரு வருடம் ஓடிய பிறகு விற்கப் போட்டிருந்தார்கள். கண்ணாடியில் எட்டு என்று ஒட்டியிருந்தது.

"எட்டாமே!" என்றாள் டீச்சர். "இருநூறு பேரு இருநூறு விதமா கிளட்ச்சை மிதிச்சிருப்பான். கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாம் தூக்கிக் கொஞ்சின குழந்தை மாதிரி. அழுதுகிட்டு இருக்கும் பாவம்."

அந்தப் 'பாவம்'தான் எங்கள் மூலதனம். பேரம் பேசுவதில் எங்களுக்கென்று ஒரு நாடகம் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கட்டில் வரை பதினைந்து வருடமாக அதே நாடகம். முதலில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்திருப்பேன். "வேண்டாம், வா, போலாம்." அவள் எழுந்திருக்க மாட்டாள். "இருங்க அண்ணி. பாவம், இவர் என்னதான் சொல்றார்னு கேப்போம்." கடைக்காரருக்கு அவள் தன் கட்சி என்று தோன்றிவிடும். தன் கட்சிக்காரிக்காக இறங்கி வருவார். நான் முணுமுணுத்துக்கொண்டே உட்காருவேன். கடைக்கதவு வரை நான் ஒருநாளும் போனதில்லை. போக வேண்டியிருந்ததில்லை.

அன்றும் நடித்தோம். "சார் வரலையா?" என்று சர்க்கரை கேட்டார்.

"சார் கப்பல்ல இருக்கார்" என்றாள் டீச்சர். "இந்த வண்டி கடல்ல ஓடுமா? ஓடாதில்ல? அப்ப எங்ககிட்டயே பேசுங்க."

சர்க்கரை மேனேஜரைக் கேட்டு வருவதாக இரண்டு தடவை உள்ளே போய் வந்தார். "மேனேஜராவது ஒண்ணாவது. உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு வரார்" என்று என் காதில் சொன்னாள். ஏழு அறுபது வரை இறங்கினார். அதோடு அவள் எழுந்துவிட்டாள். எனக்கே ஆச்சரியம்.

"கொதிக்கிறப்பவே இறக்கக் கூடாது அண்ணி. ரெண்டு நாள் ஆறட்டும். வியாழக்கிழமை வருவோம். ஏழு பத்து. அதுக்கு மேல ஒரு காசு இல்ல, அதுக்குக் கீழயும் வேண்டாம். கீழ போனா எங்கயாவது ஒரு இடத்துல நம்மளை வெட்டுவான். வித்தவனும் சிரிக்கணும், வாங்கினவளும் சிரிக்கணும்."

மறுநாள் புதன்கிழமை காலை, பயிற்சி மைதானத்தில், ஒரு பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் இதயம் நின்றுவிட்டது. அந்தப் பெண் அதற்குப் பிறகும் இரண்டு சுற்று ஓட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாள். "டீச்சர் ஒண்ணுமே சொல்லலைக்கா. பிரேக்கையும் மிதிக்கலை. நான் நல்லா ஓட்டறேன்னு நெனச்சுட்டேன்."

நான் அவளிடம், "நல்லாத்தான் ஓட்டியிருப்ப" என்றேன்.

என் கணவர் வந்தார். பத்து நாள் இருந்து, தங்கையின் அலமாரியைத் திறக்காமலே கப்பலுக்குத் திரும்பினார். "வண்டி இப்ப வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். நூலகத்துக்கு இரண்டு மைல் நடந்துகொண்டிருந்தேன் என்பது ஒரு காரணம். மற்றது, அவள் ஒரு விலையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த விலைக்கு நான் அந்த வண்டியை வாங்கியே ஆக வேண்டும். இரண்டு பேர் செய்த வேலையை நான் ஒருத்தியாகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது வாரம் ஒரு பிற்பகல் போனேன். மழை வருவதற்கு முந்தைய வெளிச்சம். கடையின் தரையை அவ்வளவு பளபளப்பாகத் துடைத்திருந்தார்கள், கார்களுக்குக் கீழே அதே கார்கள் தலைகீழாக நின்றன. நடந்தபோது என் செருப்புக்குக் கீழே இன்னொரு செருப்பு ஒட்டி ஒட்டி வந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. தண்ணீருக்குள் இருப்பதுபோல் எல்லாம் மெதுவாக அசைந்தது. எங்கள் வண்டி ஓரத்துக்குப் போயிருந்தது. விலைச்சீட்டு வெயிலில் வெளுத்து, எட்டின் மேல்வட்டம் மங்கியிருந்தது.

சர்க்கரை வந்து உட்கார்ந்தார். ஏழு ஐம்பத்தைந்து என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேச வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் அமைதியாக இருந்தேன். அமைதி நீளவே அவராகவே ஏழு ஐம்பது என்றார். மறுபடியும் அவளுடைய இடம். ஏழு நாற்பத்தைந்து. கனவில் யாரோ எனக்காகப் பேசுவதுபோல இருந்தது. ஏழு நாற்பதில் அவர் நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல குறைச்சா கட்டாதும்மா."

பழக்கம் என்னை எழுப்பிவிட்டது. "வேண்டாம், வா, போலாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

உட்கார முடியவில்லை. எழுந்தவளை இருங்க என்று யாராவது சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஒருவரும் சொல்லாததால் நடந்தேன். கதவு வரை வந்துவிட்டேன். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. திறந்தது. வெளிக்காற்று முகத்தில் பட்டது. ஓர் அடி பின்வாங்கினேன், மூடிக்கொண்டது. மூடிவிட்டதே என்று ஓர் அடி முன்வைத்தேன், திறந்தது. நாடகத்தில் இதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ.

"இருங்கம்மா."

சொன்னது சர்க்கரைதான். ஆனாலும் என் கால் அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்ததுபோலத் திரும்பியது.

"உங்ககூட வருவாங்களே, நல்லாப் பேசறவங்க. அவங்க வரலையா?"

"பேசறவங்க இறந்துட்டாங்க."

அவர் என்னைக் கூட்டிப் போய் உட்காரவைத்தார். தண்ணீர் கொண்டுவந்தார். டையைத் தளர்த்திக்கொண்டார். அப்போது அவர் குரலில் சர்க்கரை இல்லை.

"ஏழு குடுங்கம்மா. போதும். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"ஏழு பத்து" என்றேன்.

"அம்மா, நான் ஏழுன்னு சொன்னேன்."

"காதுல விழுந்துது. ஏழு பத்து."

"பத்து ஏத்திச் சொல்றீங்களே!"

"அதான் வண்டியோட விலை. அவ போட்டது. நீங்க குறைச்சது வண்டிக்கு இல்ல, எனக்கு. எனக்கு விலை கேக்க நான் வரலை."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, தொழில் பழக்கம் யாரை விட்டது, "ஏழு அஞ்சு?" என்றார்.

"ஏழு பத்து."

"கடைசியா?"

"கடைசியா."

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது அவருக்குப் பின்னால் ஒருவர் வந்தார். கட்டையான, கண்ணாடி போட்ட மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. "யாரு அது, ஏத்திக் கேக்கறவங்க?" என்று எட்டிப் பார்த்தார். மேனேஜர் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தார். வீட்டுக்குப் போனதும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன். சர்க்கரை முகத்தில் நிம்மதி. எதையாவது கொடுத்தாக வேண்டும் என்று அவருக்கு.

"அந்த டேஷ்போர்டு பெட்டி சரியா மூடறதில்லம்மா. ஒரு நாள் விட்டீங்கன்னா மாத்திக் குடுத்துடறோம். காசு வேண்டாம்."

"மாத்தினா ஏழு பதினஞ்சு ஆயிடும்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வண்டியை வெளியே கொண்டுவந்து தெருவில் சேர்ந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. வைப்பர் எந்தப் பக்கம் என்று தேடி, விளக்கைப் போட்டேன். பிறகு பாட்டைப் போட்டேன். மூன்றாவதாக வைப்பர் அசைந்தது. முதல் சிக்னலில் தேவைக்கு மேல் அழுத்திப் பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். பக்கத்து இருக்கையின் தரைவிரிப்பைப் பார்த்துவிட்டு, பச்சை விழுந்ததும் எடுத்தேன்.

ஆறு வருடம் ஆகிறது. டயர்களை மாற்றியாயிற்று, பேட்டரியை மாற்றியாயிற்று, பின்பக்கத்தில் நூலகத் தூணின் சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. கப்பலிலிருந்து வரும்போதெல்லாம் என் கணவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்புவார், நான் தடுப்பேன். டேஷ்போர்டு பெட்டி முதல் தள்ளலில் மூடுவதில்லை. மேலே ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.