கீழே விழுந்த துணி

அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் சனிக்கிழமை காலை ஓமாஹா நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு அவர் ஊருக்கு வந்தேன். புதன்கிழமை ஸ்டாப் போர்டில் காரை நிறுத்தாமல் போனார் என்று பக்கத்து வீட்டு டுவெய்ன் போன் பண்ணியிருந்தான். எண்பத்திரண்டு வயசு. சொன்னால் கேட்கிற ஆளா? பிடிவாதத்தில் எனக்கே அப்பன்.

வந்து பார்த்தால், கராஜ் முன்னால் அவருடைய கறுப்பு ப்யூக் கார் சொட்டச் சொட்ட நிற்கிறது. சோப்புத் தண்ணிக்கு ஒரு வாளி, அலச ஒரு வாளி. அம்மா மடக்கு நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தாள். வாரம் மூன்று நாள் அவளை டயாலிசிஸுக்கு நாற்பது மைல் கூட்டிப்போவது அப்பாதான். அந்த ஊரில் பஸ்ஸாவது ஒன்றாவது. சாவியை வாங்கிவிட்டால் அவளை யார் கூட்டிப்போவது என்று எனக்கும் தெரியாது. அந்த எரிச்சல் வேறு.

"வா ரெனே. டுவெய்ன் வத்தி வெச்சுட்டானாக்கும்?" என்றார் அப்பா. "கண்ணு போனவன் கார இப்படிக் கழுவுவானா? நீயே சொல்லு."

"கழுவறதுக்கு யாரும் லைசென்ஸ் கேக்கலப்பா."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டா பாரு" என்றாள் அம்மா. "அப்படியே உன்ன உரிச்சு வெச்சிருக்கா, மெர்ல்."

அப்பா காரைத் துடைத்துவிட்டு, பளபளப்புக்குப் பூசும் வாக்ஸ் டப்பாவைத் திறந்தார். பானட்டில் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனவர் கையிலிருந்து துணி நழுவிச் சரளைக்கல்லில் விழுந்தது. குனிந்து தேடினார். துணி ஒரு பக்கம் கிடக்கிறது, அவர் கை இன்னொரு பக்கம் தடவுகிறது. ஒருவழியாக எடுத்து, உதறக்கூட இல்லாமல் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். கரகரவென்று சத்தம் எனக்கே கேட்டது.

கீழே விழுந்த துணி மறுபடி கார் மேல் படவே கூடாது என்பது அப்பாவின் சட்டம். நேரே குப்பைதான். இந்த ஒரு விஷயத்துக்காக எங்கள் மாமாவோடு ஒரு கோடை முழுக்கப் பேசாமல் இருந்த மனுஷன் அவர்.

வாக்ஸ் காய்ந்ததும் துடைத்தார். வெயிலில் பானட் முழுக்கக் கீறல்.

"எப்படி? மொகம் பாத்து சவரமே பண்ணலாம்" என்றார் பெருமையாக.

வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்த சண்டையெல்லாம் எங்கே போயிற்றோ. "அப்பா, துணி மண்ணுல விழுந்துச்சு. அதோடயே தேச்சுட்டீங்க. பூரா கீறல்."

"சும்மா பொய் சொல்லாத."

மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு விரலால் மெதுவாகத் தடவினார். தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

அம்மா காபியைக் கீழே வைத்தாள். "அப்பாவ நோண்டாதடி. அவருக்குக் கண்ணு சரியில்லேன்னு போன குளிர்காலத்துலேருந்தே எனக்குத் தெரியும். சிக்னல்ல சிவப்புன்னா சிவப்பும்பேன், பச்சைன்னா பச்சைம்பேன். ஆள் வந்தா சொல்லுவேன். ரெண்டு பேருமா சேந்துதான் ஓட்டறோம்."

நான் அவள் நாற்காலி முன்னால் போய் நின்றேன். "அடிப்பாவி அம்மா! பள்ளிக்கூடப் பிள்ளைங்க நடக்கிற ரோடு அது!"

"இதுவரைக்கும் ஏதாவது ஆச்சா? அந்த டுவெய்ன் பேச்ச விடு. நான் பக்கத்துல இருக்கறப்போ ஒரு ஸ்டாப் போர்டும் தப்பினதில்ல."

"நீ தூங்கிட்ட, ஆர்லீன்" என்றார் அப்பா.

"எப்ப?"

"புதன்கிழமை. டயாலிசிஸ் முடிஞ்சு ஏறின ஒடனே. வீடு வர்ற வரைக்கும் நீ முழிக்கவே இல்ல."

நாற்பது மைல். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன எழுப்பியிருக்கக் கூடாதா, மெர்ல்?"

"அசந்து தூங்கினியேம்மா. மனசு வரல."

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தள்ளாடி நடந்து போய், அவர் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. அதை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு நான் டயாலிசிஸுல இருக்கணும், ரெனே" என்றாள்.