ஐம்பத்தேழு குடும்பங்கள் நின்ற கதை

1949ஆம் வருஷம் பிப்ரவரி ஏழாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து, கீரனூர் ரம்லத் பீவியாலும் அவருடைய ஏழு வயது மகள் ரமீஜாவாலும் உட்கார முடியாமல் போயிற்று. நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, படுத்தால் தூக்கமும் வந்தது. உட்காருவது மட்டும் நடக்கவில்லை. நாற்காலி என்றால் ஒரு சாண் பின்னால் நகர்ந்துகொண்டது. தரையில் உட்கார்ந்தால், தண்ணீருக்குள் அமுக்கிய சுரைக்குடுக்கை மேலே வருவதுபோல உடம்பு தானாக எழுந்து நின்றுவிட்டது. டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துப் புதுக்கோட்டையிலிருந்து சேதி வந்தது. அதே திங்கட்கிழமை, அதே பத்தரை மணிக்கு, கீழராஜ வீதியில் இருந்த குடும்ப ரட்சக டிரஸ்ட் திறக்கவில்லை. கதவில் பூட்டுத் தொங்கியது. மேனேஜர் ஆத்மநாதனைக் காணவில்லை. அந்த டிரஸ்டில் சொத்தை ஒப்படைத்திருந்த ஐம்பத்தேழு குடும்பங்களிலும் ஒருவராலும் உட்கார முடியவில்லை.

ரம்லத் பீவி சொத்தை அங்கே கொண்டுபோய் வைத்ததற்குக் காரணம் அவருடைய கொழுந்தன் ஹனீபா. ரம்லத்தின் கணவர் முகமது இப்ராஹிம் மலாயாவில் ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்தவர். உயிரோடு இருக்கும்போதே நாற்பது மரம் உள்ள புளியந்தோப்பையும் குளத்துப் பாய்ச்சல் நிலத்தையும் மனைவி பேருக்கு எழுதிவைத்தார். யுத்தம் முடிந்த வருஷம் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அண்ணன் இறந்த மறுமாதமே ஹனீபா தோப்புக்குள் போய் மரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு ரம்லத்துக்குத் தூக்கமில்லை. அப்போதுதான் ஆத்மநாதனைப் பற்றிக் கேள்விப்பட்டார். சமஸ்தானத்துக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து விலகியவர், விதவைகளுடைய சொத்தையும் மைனர் பிள்ளைகளுடைய சொத்தையும் தம் பேரில் எழுதி வாங்கிக் காப்பாற்றித் தருகிறார், பெரிய மனிதர்களெல்லாம் அவரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். அந்த டிரஸ்ட் எந்தச் சட்டத்திலும் பதிவாகவில்லை, எந்த அதிகாரியும் அதை எட்டிப் பார்த்ததில்லை என்பது யாருக்கும் தெரியாது. பத்திரத்தில் குத்திய முத்திரை பெரிதாக இருந்ததால் யாரும் கேட்கவுமில்லை. 1946இல் ஆத்மநாதன் கீரனூருக்கே வந்தார். ரம்லத் திரைக்குப் பின்னால் இருந்தார். முகம் பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. "புள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் திருப்பி எழுதித் தந்துருவோம். அதுவரைக்கும் ஒரு கவலையும் வேணாம். நீங்க நிம்மதியா உட்காருங்கம்மா." ரம்லத் திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டிக் கையெழுத்துப் போட்டார். தோப்பும் நிலமும் டிரஸ்ட் மேனேஜர் பேருக்குப் போயின. நாற்பத்தொரு பவுன் நகையும் போயிற்று.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. புதிய அதிகாரிகள் வந்து ஒவ்வொரு முத்திரையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். பதினோரு மாதம் சமாளித்த ஆத்மநாதன் பன்னிரண்டாம் மாதம் பூட்டிவிட்டுப் போனார்.

பூட்டிய வாரமே ஹனீபா தோப்பைச் சுற்றி முள்வேலி அடைத்தார். ரம்லத் ஓடிப்போய்க் கேட்டார்.

"என்ன தம்பி இது? ஒங்க அண்ணன் எனக்கு எழுதிக் குடுத்த தோப்பு."

"ஒங்களுக்குக் குடுத்தாரு மதினி. நீங்க எவனுக்கோ எழுதிக் குடுத்துட்டீக. அவன் ஓடிட்டான். இப்ப அது யாருதுன்னு நீங்களே சொல்லுங்க. காத்துலயா விட முடியும்? கொஞ்சம் உட்காந்து பேசுவோம்."

இப்படிச் சொல்லிவிட்டு ஹனீபாவே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் விவரமாகச் சொன்னார். எழுதி வாங்கிய கையே திருப்பி எழுத வேண்டும், வேறு வழி இல்லை. ஹனீபா பன்னிரண்டு வருஷம் அனுபவித்துவிட்டால் தோப்பு அவருக்கே பாத்தியமாகிவிடும். ஆகவே 1961 பிப்ரவரிக்குள் அந்தக் கையைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றிலிருந்து ரம்லத் பீவி பஸ் ஏறினார். புதுக்கோட்டையில் கேட்டால், இனி எல்லாம் திருச்சி ஜில்லா, அங்கே போங்கள் என்றார்கள். திருச்சியில் கேட்டால், இது சமஸ்தானத்துக் காலத்து விஷயம், புதுக்கோட்டையில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் கீரனூர் இருந்ததால் அவர் வாரத்தில் ஒரு நாள் வடக்கேயும் ஒரு நாள் தெற்கேயும் போய்வந்தார். இடம் காலியாக இருந்தும் பஸ்ஸில் நிற்கிறவர்களைப் பார்த்தால் டிரஸ்ட் ஆட்கள் என்று ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டிக்கெட்டில் சலுகை கிடையாது. இப்படி நின்றுநின்றுதான் திருமயத்துப் பக்கத்துச் சொக்கநாதன் செட்டியார் ரம்லத்துக்குப் பழக்கமானார். அவர் பூர்வீக வீட்டையே எழுதிக்கொடுத்திருந்தவர். கோர்ட்டில் நீதிபதி இரக்கப்பட்டு உட்காரச் சொன்னபோது, செட்டியார் கும்பிட்டு, "உட்காரத்தாங்க கேஸே போட்டிருக்கோம்" என்றார். அது அவருடைய மனுவிலும் அப்படியே எழுதப்பட்டது.

வருஷங்கள் நின்றபடியே போயின. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்ய முடிந்தது, அத்தஹிய்யாத் ஓத அமர முடியவில்லை. நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்து தொழலாம் என்பதற்குக் கிதாபில் ஆதாரம் இருந்தது. உட்கார முடியாதவர்களைப் பற்றி இல்லை. பள்ளிவாசல் அஸ்ரத் மூன்று நாள் புரட்டிப் பார்த்துவிட்டு, முடிந்தவரை தொழுங்கள், படைத்தவனுக்குத் தெரியும் என்றார். ரமீஜா பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று படித்தாள். புதிதாக வந்த வாத்தியார்கள் அவள் என்ன தப்பு செய்தாள் என்று கேட்டார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் இடுப்பு உயரத் திண்டில் ஏற்றிக் கட்டப்பட்டன. 1957இல் சொக்கநாதன் செட்டியார் தாம் எழுதிக்கொடுத்த அந்தப் பூர்வீக வீட்டுத் தூணில் சாய்ந்து நின்றபடியே காலமானார். பாடையில் படுக்கவைப்பதில் சிரமம் எதுவும் இருக்கவில்லை. ஹனீபா வருஷாவருஷம் தோப்பைக் குத்தகைக்கு விட்டார். வேலி முள் மக்கி மண்ணாக, புது முள் அடைத்தார்.

1960 ஆனியில் ரமீஜாவைப் பார்க்க இலுப்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பெண் லட்சணமாக இருந்தாள். ஆனால் உட்காரவில்லை. தாயும் உட்காரவில்லை. வந்தவர்கள் மட்டும் பாயில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பேசுவது அவர்களுக்கே சங்கடமாகி, டீயை முடித்துவிட்டு எழுந்தார்கள். "சொத்துக் கைக்கு வந்து, புள்ள உட்காந்ததும் சொல்லி அனுப்புங்க" என்று வாசலில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். ரமீஜா அதைக் கேட்டுவிட்டாள். அன்று முழுக்க அவள் பின்கட்டில் இங்கிட்டும் அங்கிட்டுமாக நடந்துகொண்டே இருந்தாள். ரம்லத்தும் எதிர்ப்பக்கமாக நடந்தார்.

ஆகஸ்டு மாதம் ஒரு பகலில் புதுக்கோட்டையிலிருந்து ரம்லத் திரும்பிவந்த பஸ், நார்த்தாமலை விலக்குக்குப் பக்கத்தில் பின்அச்சு முறிந்து நின்றது. மாற்று பஸ் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். பிரயாணிகள் இறங்கி வேப்பமர நிழலைப் பார்த்துப் போனார்கள். கண்டக்டர் சின்னச்சாமி மொட்டைத் தலை, கண்ணாடி, காக்கிச் சட்டை. ஒன்பது வருஷம் ஆவுடையார்கோவில் ரூட்டில் இருந்தவர், மூன்று மாதத்துக்கு முன்னால்தான் இந்த ரூட்டுக்கு மாறியிருந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசி, "எல்லாரும் நெழல்ல நிம்மதியா உட்காருங்க" என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். டிரைவர் கருப்பையா துண்டை விரித்து, "நீயும் உட்காருமய்யா, கால் கடுக்கலியா?" என்று கூப்பிட்டார். கண்டக்டர் பையைத் தட்டிக் காட்டி, வேண்டாமென்று தலையசைத்தார். ஒரு மணி நேரம் போனது. மலைப்பாறையின் சூடு காற்றில் வந்தது. வேப்பமரத்தைச் சுற்றி முப்பது பேர் உட்கார்ந்திருக்க, இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று திரைக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல் ஞாபகம் வர, ரம்லத் பீவி முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போனார்.

"எத்தனை வருஷமா நிக்கிறீக?"

கண்டக்டர் டிக்கெட் கட்டைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். ஓட இடம் நிறைய இருந்தது, ஆனால் அவர் ஓடவில்லை.

"ஒங்க அளவுதான்மா. அதே திங்கக்கெழமை."

"இந்த வேலைக்கு வந்தது அதனாலயா?"

"கண்டக்டரு உட்காரலேன்னு யாரும்மா கேக்கப் போறா?"

ரம்லத் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பஸ்ஸின் தகரத்தைப் பிடித்துக்கொண்டார். தகரம் சுட்டது. பதினோரு வருஷமாக என்னென்னவோ கேட்க வைத்திருந்தார். வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"என் புள்ள நகை எங்கே?"

"போச்சும்மா. எல்லார் நகையையும் மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில வச்சேன். பத்திரமா இருக்கும்னு அவனும் எங்கிட்ட இப்படித்தான் சொன்னான். நெலமெல்லாம் இருக்கு. எம் பேர்ல இருக்கறதால யாராலயும் விக்க முடியல, நானும் விக்கல." குரலைத் தாழ்த்தினார். "ஒங்களுக்குத் திருப்பி எழுதித் தாரேன். இந்த வாரமே. ஆனா ஒங்களுக்கு மட்டும். வேற யாருக்கும் சொல்லக் கூடாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுபோடுவாக."

ரம்லத் பீவி யோசித்தார். பிப்ரவரிக்கு ஆறு மாதம் இருந்தது. ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அவருக்கு இருந்தது. பிற்காலத்தில் இதைக் கேட்டவர்களிடம் அவர் மறைக்கவுமில்லை. ஆனால் கணக்கு இடித்தது.

"எழுதிக் குடுத்தா நான் உட்காந்துருவேன். எம் மகளும் உட்காந்துருவா. நாங்க உட்காந்தத மத்தவுக பாக்க மாட்டாகளா? எப்படி உட்காந்தேன்னு கேட்டா நான் என்ன சொல்ல? கல்யாணம் பேசற புள்ளையை உட்காராதேன்னு சொல்லி ஒளிச்சு வைக்கவா?"

"ஜெயிலுக்குப் போயிருவேன்மா."

"அங்கயும் நின்னுக்கிட்டுத்தான இருப்பீக. முதல்ல எனக்கு எழுதுங்க. பெறகு ஒவ்வொருத்தருக்கா எழுதுங்க. செட்டியாரு செத்தே போயிட்டாரு. அவுக மகன் ராமசுப்பிரமணியன் நிக்கிறான்."

சின்னச்சாமி என்று பேர் மாற்றிக்கொண்டிருந்த ஆத்மநாதன் அழுதார். நிழலில் இருந்தவர்கள், டிக்கெட் தகராறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. கீரனூர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் நின்றபடியே திருப்பி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் ரம்லத் பீவிக்குக் கால் தளர்ந்தது. பெஞ்சு நகரவில்லை. உட்கார்ந்ததும் முதலில் பயந்துபோய் எழுந்துவிட்டார், பிறகு ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பக்கத்தில் ரமீஜா. ஏழு வயதுக்குப் பிறகு உட்கார்ந்திராத அந்தப் பெண்ணுக்குக் காலை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீட்டினாள், மடக்கினாள், சிரித்தாள். இருவரும் அங்கிருந்து நேரே தோப்புக்குப் போய், வேலியில் ஒரு சந்து பிரித்து உள்ளே புகுந்து, மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சேதி கேட்டு ஹனீபா வேகமாக வந்தார். மதினி தரையில் உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். பத்திரத்தைக் காட்டச் சொல்லவில்லை. வேலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேலி முள்ளு என்னுது மதினி" என்றார். "எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார் ரம்லத். மறுநாள் இரண்டு வண்டியில் முள்ளை ஏற்றிக்கொண்டு போனார். பதினோரு வருஷப் புளியைப் பற்றி இரு தரப்பும் பேசவில்லை.

பிறகு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஆத்மநாதனை ஓடும் பஸ்ஸிலேயே அறைந்தார். போலீசும் பிடித்துக்கொண்டு போனது. ஆனால் அவரை உள்ளே போட்டால் ஐம்பத்தாறு குடும்பங்களுக்கும் கையெழுத்துப் போட ஆளில்லை என்பதால், நின்றுகொண்டிருந்தவர்களே கூட்டமாக வந்து அவருக்காக மனுக் கொடுத்தார்கள். அவர் கோர்ட் கலையும்வரை கோர்ட்டிலேயே நிற்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவர் நின்றார். பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு குடும்பம் வீதம் எழுதித் தந்தார். திருமயத்தில் ராமசுப்பிரமணியன் உட்கார்ந்த நாளில் செட்டியார் வீட்டில் தூணுக்கு மாலை போட்டார்கள். நகைகள் மட்டும் யாருக்கும் வரவில்லை. ரமீஜாவுக்குக் கவரிங் நகையோடு இலுப்பூர் மாப்பிள்ளையைத்தான் கட்டிவைத்தார்கள். 1962 முடிவதற்குள் ஐம்பத்தேழு குடும்பங்களும் உட்கார்ந்தன.

ஆத்மநாதனால் உட்கார முடியவில்லை. அவருக்கு யார் எதை எழுதித் தர வேண்டும் என்பது வக்கீல்களுக்கும் தெரியவில்லை. அதே ரூட்டில் கண்டக்டராக இருந்தார். ரம்லத் பீவி மகளைப் பார்க்கப் போகவரும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "நகை?" என்று கேட்பார். "மெட்ராசுக்குக் காயிதம் போட்டிருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு ஆத்மநாதன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். இதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. 1966இல் முதலாளி புது பஸ் விட்டார். அதில் முன்வாசல் பக்கத்தில் கண்டக்டருக்கென்று தனியாக ஒரு சீட் வைத்து, பெயிண்டால் எழுதியும் இருந்தார்கள். சந்தைக்குப் போகிற பெண்கள் முதல் நாளே அதில் கத்தரிக்காய்க் கூடைகளை அடுக்கிவிட்டார்கள். கூடைகள் சரியாதபடி அவர் ஒரு காலை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டார். அந்தக் கூடைகளுக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட் போடுவதில்லை என்று அந்த ரூட்டில் வழக்கமாயிற்று.