ஒரு நாள் பிந்திய கடிகாரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கணினி கேள்வி கேட்டது. பதில் தெரியாமல், பக்கத்திலேயே இன்னொரு சாளரத்தைத் திறந்து இதை எழுதத் தொடங்கினேன். கேள்வி அங்கேயே காத்திருக்கிறது.

முதல் தொடக்கம்: 'ஹங்கோரோ தன் மனைவியைவிட டெபியன் லினக்ஸை அதிகம் நேசி—' (அடித்துவிட்டேன். அது அக்கம்பக்கத்தார் பேச்சு.)

இரண்டாவது: 'ஜாவாவின் யோக்யகர்த்தாவில், ரயில் பாதையை ஒட்டிய வீட்டில், இறந்த கணவனின் கணினிமுன் லாரஸ் உட்கார்ந்திருந்தாள்.' இருக்கட்டும்.

2

ஹங்கோரோ கணினியில் வைத்திருந்தது டெபியன் இயங்குதளத்தின் நிலையற்ற கிளை, தினமும் மாறிக்கொண்டே இருப்பது.* காபி ஆறுவதற்குள் அன்றைய புதுப்பிப்பை இறக்கிவிடுவார்.

“எல்லாரும் போடற மாதிரி நிலையானதையே போட்டா என்ன, மாஸ்?” என்பாள் லாரஸ். (மாஸ் என்றால் அண்ணன்; ஜாவாவில் கணவனையும் அப்படித்தான் அழைப்பார்கள்.)

“நிலையா வேணும்னா நீ ஒரு தூணையில்ல கட்டியிருக்கணும்.”

ஒருமுறை, நீக்கப்படுபவற்றின் பட்டியலைப் படிக்காமல் என்டரைத் தட்டினார். முகப்புத் திரை மொத்தமும் போய்க் கறுப்பானது. லாரஸ் பதறினாள். அவரோ விசிலடித்துக்கொண்டே, கறுப்பில் வெள்ளை எழுத்துகளாகத் தட்டி எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார்.

“பாத்தியா, இது எதையும் நம்மகிட்ட ஒளிக்கல!”

(அந்த மகிழ்ச்சியை எழுத எனக்கு வரவில்லை. மூன்று முறை முயன்றேன்.)

* அதை உருவாக்குபவர்களே வைத்த பெயர். நிலையாமையை மற்றவர்கள் மரணவீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இவர் தினமும் பதிவிறக்கிக்கொண்டார்.

3

திரையின் மூலையில் அவரே எழுதிய சிறு கடிகாரம் ஒன்று இருக்கிறது. நாளுக்கொன்றாகச் சுழன்று வரும் ஜாவாவின் ஐந்து சந்தை நாள்களைக் காட்டும்: லகி, பாயிங், போன், வாகே, கிலிவோன். அவர் போனபின் நூறாம் நாள் படையல் வாகேயில் வரவேண்டும். கடிகாரம் வாகே காட்டிய அன்று லாரஸ் சமைத்தாள். துவா ஓத வந்த பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“வாகே நேத்தோட போச்சேம்மா.”

லீப் நாளை ஹங்கோரோ கடிகாரத்தின் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய நண்பர் திம்புல் மட்டும், “செத்தும் பிழைத்திருத்தம் பாக்கி வெச்சுட்டுப் போயிருக்கான் பாரு” என்று சொல்லி, உடனே அழுதுவிட்டார்.

லாரஸ் அதைத் திருத்தவில்லை. அந்தக் கடிகாரத்தின்படி அவர் இறந்து ஒரு நாள் குறைவு.

4

அன்றிலிருந்து புதுப்பிக்கவும் இல்லை. நிலையற்ற கிளையை இப்படிப் போட்டுவைக்கக் கூடாது. இப்போது வங்கிப் பக்கம் திறப்பதில்லை, அச்சுப்பொறி பேசுவதில்லை. இன்று திம்புல் வந்து புதுப்பிக்கும் கட்டளையைத் தட்டினார். நீக்கப்படுபவற்றின் பட்டியலில் ஒரே பெயர்: அந்தக் கடிகாரம். அது சாய்ந்திருந்த பழைய நிரல் நூலகம் புதிய பதிப்பில் கிடையாது.

“பிரதி எடுத்து வெச்சுக்கலாம், ம்பாக். ஆனா புதுசுல அது ஓடாது. நான் வேணா திரும்ப எழுதித் தரேன்” என்றார். (ம்பாக் என்றால் அக்கா.)

“ஒரு நாள் பிந்தி ஓடுமா?”

“அந்தப் பிழையையும் சேத்தே எழுதறேன்.”

“அப்ப அது உங்க பிழை, மாஸ் திம்புல்.”

அவர் ஆறிய காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

5

ஒரு முடிவு: லாரஸ் சரி என்கிறாள். ஹங்கோரோவும் அதைத்தான் செய்திருப்பார், உடைந்தால் விசிலடித்திருப்பார்.

இன்னொன்று: வேண்டாம் என்கிறாள். ஒருநாள் கணினி தானாகவே எழாமல் போகிறது. கடிகாரமும் அதனுடன், இந்தக் கதையும்.

(லாரஸ் என்ற பெயரை இனி வைத்திருப்பதில் அர்த்தமில்லை. திம்புல் குடித்துவிட்டுப் போன காபிக் கோப்பை என் கைப்பக்கம்தான் இருக்கிறது.)

திரையில்: 'தொடர விரும்புகிறீர்களா?' பக்கத்தில் ஆம் என்பதற்கான எழுத்து பெரிதாக, இல்லை என்பதற்கானது சிறிதாக. பெரிய எழுத்து என்றால், ஒன்றும் எழுதாமல் என்டரைத் தட்டினாலே சம்மதம் என்று பொருள். மறுப்பதற்குத்தான் எழுத வேண்டும்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்களோ, அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.