மலைக்கு வலப்பக்கம் வெயில்

கடைசியாக என் கணவர் செய்தது, என் சோற்றில் ஒரு கரண்டி நெய்யைக் கூடுதலாக விட்டதுதான். "சீக்கிரம் சாப்புடு மாலினி, மலை முழுங்கிடப் போவுது" என்றார், வழக்கம்போல. அன்று இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தப் பேச்சு எழுபத்தாறாம் வருடம், மகள் என் வயிற்றில் இருந்தபோது தொடங்கியது.

நாங்கள் சமணர்கள். பொழுது மறைந்தபின் எதையும் உண்ண மாட்டோம். எங்கள் வீடு மலைக்குக் கிழக்கே, தேரடிக்குப் பக்கத்தில். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் மாமியார் மருதேவி அடுப்பை அணைத்துவிடுவார். மசக்கையில் பகலெல்லாம் எதை விழுங்கினாலும் வெளியே வந்துவிடும். பசி எடுப்பதோ அடுப்பு அணைந்த பிறகுதான். நாலு மாதம் முடிந்தும் வயிறே தெரியவில்லை. முதல் பிள்ளை தங்காமல் போன வீடு. எல்லோருக்கும் பயம்.

வைத்தியர் ஆதிமூலம் நாடி பார்த்தார். "பால்ல வேகவெச்ச பச்சரிசிக் கஞ்சி, மேல பசு நெய். பசிக்கிற நேரத்துல குடுங்க. மசக்கைக்காரிக்கு ரெண்டு மனசு. கேட்டதை மறுக்கக் கூடாது."

"பசிக்கிற நேரம்தான் பொழுது போயிடுதுங்களே!" என்றார் மாமியார்.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? சூரியன் என்கிட்ட வைத்தியத்துக்கு வர்றதில்ல."

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் நேமிநாதன் கேட்டார்: "ஏம்மா, அது மலைக்குப் பின்னாலதானே போவுது? மறைஞ்சிடுச்சின்னு யாரு சொன்னது?"

"எங்க மாமியார் சொன்னாங்க. போடா."

மறுநாள் மலையின் நிழல் விழும் முன்பே சடையனின் ரிக்‌ஷாவைக் கூட்டிவந்தார். தூக்கில் கஞ்சி. குலுங்கும் வண்டி கூடாது என்பதும் வைத்தியர் பேச்சு. அதனால் பள்ளம் வந்த இடமெல்லாம் சடையன் இறங்கித் தள்ளினான். பின்னால் இவர் சைக்கிளில். மாமியார் காவலுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "பொழுது போயிருந்துச்சோ, தூக்கோட கவுத்துடுவேன்!"

வழியிலேயே ஊர்மேல் நிழல் விழுந்தது. என் வயிறு இரைய ஆரம்பித்தது. ஊருக்கு வடக்கே இருக்கும் வேங்கிக்கால் அப்போது வெறும் கடலைக் கொல்லை. அங்கே போய்த் திரும்பிப் பார்த்தால், மலைக்கு வலப்பக்கம், பனைமர உயரத்தில், சூரியன்!

மாமியார் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "அடப்பாவி! நீ இன்னும் இங்கதான் இருக்கியா? இத்தினி வருஷமா அரை வயித்தோட எழுந்துட்டேனே!"

சடையன் சிரித்த சிரிப்பில் ரிக்‌ஷா ஆடியது. "ஆட்டாதடா, புள்ளத்தாச்சி இருக்கா!" என்று அதட்டிவிட்டு, மாமியாரே கஞ்சியை ஊற்றினார். குடித்தேன். மூவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாந்தி வரவில்லை.

"இன்னொரு கரண்டி நெய் விடும்மா" என்றார் இவர்.

"நீ சொல்லணுமாடா?" என்று நெய்யை விட்டார். மிச்சக் கஞ்சியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டார்.

அந்தக் கோடை முழுக்கப் போனோம். புரட்டாசியில் மகள் பிறந்தாள், கொழுகொழுவென்று.

இப்போது வேங்கிக்காலில் கொல்லை இல்லை, புது வீடுகள். சடையன் ஆட்டோ ஓட்டுகிறான். போன வாரம் அதில் மகளோடு போய் இறங்கினேன். தேரடியில் நிழல் விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வேங்கிக்காலில் இன்னும் வெயில் இருந்தது.