முன்சுவரில் ஒரு துளை

ராதிம் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்ததும் புரோகோப் ஹாவெல்கா தன் தட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தார். தட்டு நிறையப் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும். அது உட்கார்ந்த இடம், வீட்டின் முன்சுவரைக் காட்டும் தடித்த கோடு.

"உன் புருஷன்கிட்ட சொல்லு," என்றார் மகளிடம். "சாப்பிடுற இடத்துல காகிதம் விரிக்கிற பழக்கம் இந்த வீட்ல கிடையாது."

"எதிர்லதானே உக்காந்திருக்கார். நீங்களே சொல்லுங்கப்பா," என்றாள் அநெஷ்கா.

"பீர்க்காரங்ககிட்ட நான் பேசுறதில்ல."

ராதிம் தட்டைத் தூக்கி ஓரமாக வைத்தான். காகிதத்தில் எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது. அவன் பீருக்குப் பேர்போன பில்ஸன் ஊர்க்காரன். வெந்நீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் கம்பெனியில் வேலை. அநெஷ்காவைக் கட்டிக்கொண்டு தெற்கு மொராவியாவின் இந்த ஒயின் கிராமத்துக்கு வந்த நாளிலிருந்து மாமனார் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளை என்றும் அழைத்ததில்லை.

புரோகோப் இப்போது சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு ஒரே காரணம் அநெஷ்கா. கிறிஸ்துமஸ் இரவில் கெண்டை மீன் வறுவலைப் பரிமாறிக்கொண்டே அவள் அமைதியாகச் சொல்லியிருந்தாள்: கீழறையில் ராதிம் பீர் காய்ச்ச இடம் கொடுத்தால் இங்கே இருப்போம், இல்லையென்றால் பில்ஸன் போகிறோம். அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த விஷயத்தில் அப்பனைக் கொண்டு பிறந்தவள். அவள் போய்விட்டால் மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டத்துக்கு அவருக்குப் பின் கை கிடையாது. ஹாவெல்கா என்ற பெயர் எழுதிய பீப்பாய்களை ஊரில் எவனாவது ஏலம் எடுப்பான். அந்த எவன், தன் பழைய பகையாளி ஹினெக்காகவே இருப்பான் என்பதும் அவருக்குத் தெரியும்.

அதனால் இடம் கொடுத்தார். சுவரைக் கொடுக்கவில்லை.

"மூணு விஷயம் வெளிய போகணும்," என்று ராதிம் பேனாவால் தொட்டுக் காட்டினான். "காய்ச்சும்போது ஆவி. அது மேல ஏறும், அதுக்கு அடுப்புக்கு மேல கூண்டும் ஃபேனும். பீர் நொதிக்கும்போது வர்ற வாயு கனம், தரையோட படுத்துக்கும். அதுக்குத் தரை மட்டத்துல தனிக் குழாய். அப்புறம் கழுவுற தண்ணி. அது தெருச் சாக்கடைக்கு. மூணும் முன்சுவர் வழியாத்தான் போயாகணும் மாமா. வேற பக்கம் இல்ல."

இல்லைதான். வீடு மலையைக் குடைந்து கட்டியது. கீழறைக்குப் பின்னாலும் இரு பக்கமும் மண். அதற்கும் பின்னால், இன்னும் சில படி தாழ்வாக, ஒயின் நிலவறை. வெளிச்சத்தைப் பார்க்கும் சுவர் ஒன்றே ஒன்று. அந்தச் சுவர் வெள்ளையடித்து, அடியில் நீலப் பட்டை தீட்டி, பட்டைக்கு மேலே புரோகோப்பின் அம்மா வரைந்த பூக்கொடி ஓடும் சுவர். ஒவ்வொரு ஆண்டும் திருவிழாவுக்கு முன் அநெஷ்கா அந்தப் பூக்களுக்கு நிறம் ஏற்றுவாள். ஊர்வலம் அதன்முன் நின்று பாடிவிட்டுத்தான் நகரும். தாத்தா ஊர்த்தலைவராக இருந்த காலத்து வழக்கம் அது.

"சொல்லு அவன்கிட்ட," என்றார் புரோகோப். "எங்கம்மா வரைஞ்ச பூவுக்கு நடுவுல பீர் நாத்தம் ஊதுற மூக்கு வைக்க முடியாது. ஆவிக்குப் பழைய புகைபோக்கி இருக்கு, அதுல விடட்டும்."

"ஆவி போகும் மாமா. வாயு மேல ஏறாது. தண்ணியும் மேல ஏறாது."

"தண்ணி எங்க நிலவறைக் கோடிக் குழிக்கு வரட்டும். அங்க மோட்டார் இருக்கு, இறைச்சுக்கும். தெருக்கல்லைத் தோண்டக் கூடாது. கீழறைத் தரையும் தாத்தா பாவினது, ஒரு கை ஆழத்துக்கு மேல கடப்பாரை படக் கூடாது."

"அப்ப அந்த வாயு?"

புரோகோப் முதன்முறையாகச் சிரித்தார். "கேக்குறான் பாரு. ஒயின்காரன் வீட்ல வந்து வாயுவப் பத்திப் பாடம் எடுக்குறான். பில்ஸன்ல பீர் குழாய்லதான் வரும், எப்படிப் பொங்குதுன்னு எவன் பாத்தான்? கதவத் திறந்து வச்சா வாயு போயிடும்னு சொல்லு."

ராதிம் பேனாவை மூடினான். "எழுதிக்கிறேன். உங்க வீடு, உங்க சுவர். ஆனா சரியா இருக்குன்னு நான் சொன்னதா மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

வேலை நடந்தது. புரோகோப் நாள் தவறாமல் படிமேல் நின்று பார்த்தார். ராதிம் தரையைச் சரிவாக்கி நடுவில் வடிகால் வைத்தான். வடிகாலுக்கு அடியில், தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தை அடைக்கும் வளைவுத் துண்டு ஒன்று வரவேண்டும். பிளம்பர்கள் அதை டிராப் என்பார்கள். ஒரு கை ஆழத்துக்குள் ஆழமான டிராப் அடங்கவில்லை. குட்டையான ஒன்றைத் தேடி வாங்கி வந்து வைத்தான்.

"பொம்மை வீட்டுக்கு வாங்கினதா?" என்றார் புரோகோப், காற்றைப் பார்த்து.

"உங்க தாத்தா தரைக்கு அளவெடுத்து வாங்கினது," என்றான் ராதிம், அதே காற்றைப் பார்த்து.

சுவரில் வாயு மீட்டர் ஒன்றையும் மாட்டினான். கெட்ட காற்று கூடினால் அது கத்தும் என்றான். முதல்முறை பீர் காய்ச்சியபோது அது கத்தவில்லை. அடுத்த முறையும் கத்தவில்லை. ராதிமுக்கே அது ஆச்சரியம். பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. "பாத்தியா, ஒண்ணும் இல்ல," என்று அநெஷ்காவிடம் அவன் சொன்னது மாடிவரை கேட்டது. நான் சொன்னதுதான் நடந்தது என்று புரோகோப்பும் நினைத்துக்கொண்டார். அந்த வீட்டில் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

ஊரில் பேச்சு எழுந்தது. "ஹாவெல்கா வீட்டுப் புகைபோக்கியில ரொட்டி வேகுற மாதிரி வாசனை வருதாமே," என்று ஹினெக் தேவாலய வாசலில் எல்லோரும் கேட்கக் கேட்டான். ஹினெக் ஒயின்காரர் சங்கத்தின் தலைவன். புரோகோப்பின் வயதுதான், பள்ளி நாளிலிருந்தே பகை. "அடுத்த வருஷம் திருவிழாவுக்கு ஒயின் குவளைக்குப் பதிலா பீர் மக் எடுத்துட்டு வரணுமா?"

"நீ வர்றதுன்னா வாளி எடுத்துட்டு வா. உன் ஒயினைக் கொட்ட வேணும்ல," என்றார் புரோகோப்.

மார்ச்சில் அந்த ஹினெக்கே வீடு தேடி வந்தான். வசந்தகால ஒயின் சுவைப் போட்டிக்கு வீடுவீடாக மாதிரி எடுப்பது சங்கத் தலைவனின் வேலை. காலிப் புட்டிகள் அடுக்கிய மரக்கூடையோடு நிலவறை வாசலில் நின்றான். நிலவறைப் படிகளுக்கு மேலே, கீழறையில் ராதிம் நொதிக்கும் தொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டும் நிறைந்து, உள்ளே பொங்கிக்கொண்டிருந்தன.

நிலவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் மெழுகுவர்த்தி. அக்டோபரில் சாறு பொங்கும்போது அதை ஏற்றி, முழங்காலுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஊரில் எவனும் நிலவறையில் இறங்குவான். சுடர் சுருங்கினால் திரும்பிவிடுவான். நவம்பரில் மார்ட்டின் திருநாள் கழிந்து புது ஒயின் அடங்கியதும் மெழுகுவர்த்தி பெட்டிக்குள் போகும். அதன்பிறகு அதைக் கையில் எடுப்பவனை ஊர் பார்த்துச் சிரிக்கும். புரோகோப் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண்ணாடி உறிஞ்சு குழலைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

நல்ல வெல்ட்லின் ஒயின் பீப்பாய் கோடியில், குழிக்கு அருகே, எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில் இருந்தது. அங்கே குளிர்ச்சி அதிகம் என்று அப்பா வைத்த இடம். அவர் குனிந்தார். மூக்கில் ஊசி குத்தியதுபோல் ஒரு காரம்.

சாறு பொங்கும்போது எழும் அந்த வாயுவின் காரத்தைக் குழந்தையிலிருந்து அவருக்குத் தெரியும். ஆனால் இது மார்ச். மார்ச்சில் அதற்கு இங்கே வேலை இல்லை. வயதானதால் மூக்கு ஏமாற்றுகிறது என்று நினைத்தார். ஹினெக் மேலே நிற்கிறான் என்றும் நினைத்தார். இன்னும் கொஞ்சம் குனிந்து குழலைப் பீப்பாய் வாயில் செருகினார். காதுக்குள் ரத்தம் அடித்தது. முழங்கால் அவரைக் கேட்காமல் மடங்கியது. கண்ணாடி உடையும் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது.

"என்ன புரோகோப், மாதிரி எடுக்கச் சொன்னா நீயே குடிச்சுட்டியா?" என்று மேலிருந்து ஹினெக்கின் குரல். பதில் வராமல் போகவே கொஞ்சம் உரக்க, "யாராவது வாங்க. ஆள் விழுந்துட்டான்."

ராதிம் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினான். பாதியில் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, உள்ளே போனான். அக்குளில் கை கொடுத்து மாமனாரை மூட்டைபோல் பின்புறமாக இழுத்து மேலே ஏற்றினான். கீழறையைக் கடந்து தெருவுக்குக் கொண்டுவந்து, பூக்கொடிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்த பிறகுதான் மூச்சு வாங்கினான்.

புரோகோப் கண் திறந்தபோது மகள் முன்னால் மண்டியிட்டிருந்தாள். ராதிம் அங்கே இல்லை. கீழறைக்குப் போய், காய்ந்த அழுக்கு ஒட்டிய விரலோடு திரும்பி வந்தான்.

"டிராப் வறண்டு கிடக்கு," என்றான். "சொட்டுத் தண்ணி இல்ல. ஃபேன் ஓடி ஓடிக் காஞ்சிருக்கு. பீர் விட்ட வாயு பூரா வடிகால் வழியா அந்தக் குழிக்கு இறங்கியிருக்கு. அதான் என் மீட்டர் கத்தவே இல்ல. கத்த அங்க எதுவும் தங்கல." அந்த விரலை அவன் முன்சுவரை நோக்கி நீட்டினான். "தரையோட ஒரு குழாய் கேட்டேன் மாமா. அது மேலதான் தட்ட வச்சீங்க."

"உன் புருஷனைக் கேளு," என்றார் புரோகோப், நாக்குக் குழற. "வளைவுல தண்ணி இருக்கான்னு பாக்கத் தெரியாதவன் எதுக்கு இன்ஜினியர்னு."

"ஆழமா வைக்க விட்டிருந்தா காஞ்சிருக்காது."

"ஊத்தியிருந்தா காஞ்சிருக்காது."

அநெஷ்கா எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "போதும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் புதைக்கிறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. பெட்டி கட்டப் போறேன். நாளைக்கு பில்ஸன்." உள்ளே போய்விட்டாள். அலமாரிக் கதவு திறக்கும் ஓசை தெருவரை வந்தது.

ஹினெக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தான். இரண்டு வீடு தள்ளி ஜன்னல்கள் திறந்திருந்தன. ராதிம் எட்டத்தில் நின்றான், எல்லாம் கேட்கும் எட்டத்தில்.

"இதுல உனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல புரோகோப்," என்றான் ஹினெக். குரலில் தேன். "மெழுகுவர்த்தி இல்லாம இறங்கினான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. வெளியூர்க்காரன் வந்து கண்ட இடத்துல குழாய் போட்டு மாமனாரைச் சாகடிக்கப் பாத்தான், அவ்வளவுதான். நீ தலைய ஆட்டு, மத்தத நான் பாத்துக்கறேன். ஊரு உன் பக்கம்."

தலையை ஆட்டுவது எளிது. ஆட்டினால் ஊர் அவர் பக்கம். சுவர் சுவராகவே இருக்கும். புரோகோப் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நிற்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டார். முடிந்தது.

"என் வீட்டு ஆளப் பத்திப் பேச நீ யாரு?" என்றார்.

"உனக்காகத்தான்…"

"அந்தக் குழாய அங்க போடச் சொன்னது நான். அவன் வேண்டாம்னான். நான்தான் சொன்னேன். போய் இதை அப்படியே சொல்லு, ஒரு வார்த்தை விடாம. ஹாவெல்கா மார்ச்சுல வாயுல விழுந்தான்னும் சேத்துச் சொல்லு. சிரிக்கிறவன் என் வாசலுக்கு வந்து சிரிக்கட்டும்."

ஹினெக் கூடையை எடுத்தான். "மாதிரி?"

"வெல்ட்லின் போட்டிக்கு வரும். நானே கொண்டு வருவேன். உன் கை பட வேண்டாம்."

அவன் தெருமுனை திரும்பும் முன்பே புரோகோப் குனிந்து உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைப் பொறுக்கினார். முன்சுவருக்கு முன் நின்றார். அம்மாவின் பூக்கொடியில், ஒரு சிவப்புத் துலிப்பின் கீழே, நீலப் பட்டையைத் தொட்டு ஒரு வட்டம் கீறினார். வட்டம் கோணியது. மறுபடி கீறினார்.

ராதிம் பார்த்துக்கொண்டே நின்றான். "அங்க வேண்டாம் மாமா. பூ நடுவுல வருது. கொஞ்சம் தள்ளிப் போட்டா…"

"தள்ளினா அஸ்திவாரக் கல்லு இடிக்கும். இது யார் வீட்டுச் சுவர், உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?"

ராதிம் வட்டத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான். இத்தனை காலத்தில் கிழவர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வாக்கியம் அது. பேசியவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். முகத்தை இன்னும் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"தரையோட இருக்கணும்னு சொன்னியே, இது தரையோட இருக்கா? உள்ள போய் அளந்து பாரு. தண்ணிக் குழாயும் இதுக்கு அடியிலதான், தெருக்கல்லத் தோண்டிக்கோ. அந்தப் பொம்மை டிராப்பைப் பிடுங்கிப் போடு."

"திருவிழாவுக்கு ஊர்வலம் வரும்போது இது ஊதும் மாமா."

"ஊதட்டும். அன்னைக்கு நீ காய்ச்சாம இருந்தா செத்துட மாட்ட." பிறகு மாடி ஜன்னலை நோக்கிக் குரலை உயர்த்தினார். "அநெஷ்கா. பெட்டியக் கட்டினது போதும். உன் புருஷனுக்கு உளி எங்க இருக்குன்னு காட்டு. என் சுத்தியலத் தொடச் சொல்லாத, அத நான் எடுக்கப் போறேன்."

அலமாரிச் சத்தம் நின்றது. பிறகு படியில் காலடி ஓசை.

உளியின் முதல் அடியைப் புரோகோப்தான் அடித்தார். துலிப்பின் ஓர் இதழ் காரையோடு பெயர்ந்து ராதிமின் காலணிமேல் விழுந்தது. அதைப் பார்க்காததுபோல் அவர் அடுத்த அடிக்குக் கை ஓங்கினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்," என்றார். "அந்தக் கண்றாவியக் குடிக்கச் சொல்லி என்கிட்ட கொண்டு வராத."

"கொண்டு வர மாட்டேன்," என்றான் ராதிம். "உளிய நேரா பிடிங்க."