செவலை விலகிப் போனது

வெற்றிச்செல்வன் வேனிலிருந்து இறங்கியதுமே தேவயானிக்கு வயிறு எரிந்தது. அதே தொப்பை, அதே கறுப்புக் கண்ணாடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஷூ கம்பெனி கேட்டில் அவள் பையைப் பிடுங்கி, நாற்பது பெண்களுக்கு முன்னால் தரையில் கொட்டிய மேனேஜர். சோற்று டப்பா உருண்டது, நாப்கின்கூட விழுந்தது. காணாமல் போன ஜோடி ஷூ அதில் இல்லை. மறுநாள் ஸ்டோர் ரூமிலேயே கிடைத்தது. ஆனாலும் திருடி என்ற பேர் அவளோடு ஜீப் ஏறி மலைமேல் சொந்த ஊர் நெல்லிவாசல்நாடு வரைக்கும் வந்துவிட்டது.

மலையில் இந்தக் குதிரை முகாம் வந்தபோது புல் போடச் சேர்ந்தவள், இப்போது பயிற்சியே அவள்தான் கொடுக்கிறாள். கம்பெனி அதிகாரிகள் ஆட்களை நடத்தக் கற்றுக்கொள்ள வருவார்கள். கயிறில்லாமல் குதிரையைத் தன் பக்கம் வரவைக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளுக்குள் பயமோ கோபமோ வைத்திருப்பவரிடம் குதிரை அண்டாது.

மூன்று குதிரைகளில் வேண்டுமென்றே செவலையைப் பிடித்து வந்தாள். படு ரோஷக்காரி அது. மனசில் லேசாக உறுத்தல் இருந்தாலே முதுகைக் காட்டிவிடும். தன் ஆட்களுக்கு முன்னால் அவன் மூக்கு உடையட்டும் என்று காத்திருந்தாள்.

வெற்றிச்செல்வன் வேலிக்குள் போய் நின்றான். செவலை நேராக நடந்து வந்து அவன் தோளில் முகத்தை வைத்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பாவிக்கு உறுத்தலே இல்லை. அவளை அடையாளம்கூடத் தெரியவில்லை. தேவயானிக்கு அதுதான் தாங்கவில்லை.

"நீங்களும் ஒரு தபா கூப்ட்டுக் காட்டுங்கம்மா," என்றான் பெரிய மனசோடு.

கூப்பிட்டாள். செவலை காதை மடக்கிக்கொண்டு அவனை ஒட்டியே நின்றது.

"இன்னாம்மா, உங்க குதிர உங்களாண்டயே வரல?"

"கோவம் இருந்தா வராது சார். எனக்கு உங்க மேல கோவம்." அவள் குரல் உயரவில்லை. "நான் தேவயானி. ரெண்டாவது லைன்ல தச்சவ. கேட்டாண்ட என் பையக் கொட்னீங்களே. ஷூ ஸ்டோர்லயே கெடச்சுதுன்னு ஒருத்தராண்டயாவது சொன்னீங்களா?"

அவன் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தான். கழுத்து வேர்த்தது. கை தட்டியவர்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவலை அவன் தோளிலிருந்து முகத்தை எடுத்தது. மெல்ல விலகி, வேலியோரம் போய் முதுகைக் காட்டி நின்றது.

தேவயானிக்கு வயிறு குளிர்ந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை.

"இப்போ கூப்டுங்க சார்," என்றாள். "எல்லாரும் பாக்கட்டும்."