முழு செட்டு

ஸ்டூல் ஆடியது. வேன் அக்கா ஒரு கையால் அண்ணன் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆணியிலிருந்து போட்டோவைக் கழற்றினாள்.

"விழுந்து வெக்காதீங்க. அப்புறம் அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்" என்றார் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் காவலர்.

அண்ணன் சிரித்தபடி இருக்கும் போட்டோ உலகத்திலேயே அது ஒன்றுதான். வீட்டில் இருப்பதெல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த மூஞ்சிகள். "கடையில இருக்கிற போட்டோவ வாங்கிட்டு வா" என்று காலையில் அண்ணி சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்த பிறகு அவள் வாயைத் திறந்தது அதற்காகத்தான். இல்லை, இன்னொன்றும் சொன்னாள். "உன் தம்பி வந்து அந்தப் பெட்டியத் தொட்டான்னா, நான் எழுந்து போயிடுவேன். சொல்லிட்டேன்."

தம்பி எங்கே வருவது? அவன்தான் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறானே!

அண்ணனுடையது பழைய காமிக்ஸ் கடை. தம்பி பிளம்பர். கடையின் கூரைக் குழாய் மழைக்காலத்திலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. தம்பி 'நாளைக்கு, நாளைக்கு' என்று சொல்லிச் சொல்லி ஒருவழியாகப் போன வாரக் கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் குழாயைப் பார்ப்பதற்குள் இரண்டு பேருக்கும் வாய் முற்றிவிட்டது. "உன்னக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போனாதான் எனக்கு நிம்மதி!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, பையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். சின்ன வயதிலிருந்து அவன் வாய் அப்படித்தான். அன்றைக்குக் கடை சாத்துகிற நேரத்தில் அண்ணனை யாரோ அந்தப் பையிலிருந்த ரெஞ்சால் அடித்துப் போட்டிருந்தார்கள். இதற்குமேல் போலீஸ் யாரைத் தேடும்? அண்ணியும் யாரையும் தேடவில்லை.

வேன் அக்காவுக்கு மட்டும் அது உள்ளே இறங்கவே மாட்டேன் என்றது. இரண்டு நாளாக ஒரே கணக்குத்தான் அவளுக்கு: ஒரு அண்ணன் பெட்டிக்குள், ஒரு தம்பி கம்பிக்குள். பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குள் தம்பி வந்து அதற்குத் தோள் கொடுக்க வேண்டும். வராவிட்டால் அப்புறம் எப்போது விட்டு என்ன, அவன் ஆயுசுக்கும் அண்ணனைக் கொன்றவன்தான்.

போட்டோவை மார்போடு அணைத்தபடி ஸ்டூலிலிருந்து இறங்கித் திரும்பினாள். அலமாரி கண்ணில் பட்டது.

"எவன்டா இது?" என்றாள்.

முதலில் வந்தது கோபம்தான். தன் அடுப்படி டப்பாக்களை எவளோ வந்து இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனது போன்ற கோபம்.

விஷயம் இதுதான். அண்ணன் புத்தகங்களை நம்பர்படி அடுக்க மாட்டான். படம் வரைந்தவர்படிதான் அடுக்குவான். அந்தப் பழைய இதழ்களில் வரைந்தவர் பெயரே இருக்காது. அண்ணனும் தங்கையும் சிறுவயதில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கோட்டைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். மழையை அசலாக வரைபவர் மழைக்காரர். குதிரையை உயிரோடு ஓடவிடுபவர் குதிரைக்காரர். எல்லோருக்கும் ஒரே மூக்கைப் போடுபவர் மூக்குக்காரர். மழைக்காரருக்கு ஒரு தட்டு, குதிரைக்காரருக்கு ஒரு தட்டு. வெளியாட்கள் பார்த்தால் தாறுமாறாகத் தெரியும். நாற்பத்தைந்து வயதிலும் பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கும்வரை ஸ்டியரிங்கில் காமிக்ஸை விரித்து வைத்துப் படிக்கிற வேன் அக்காவுக்கு அது கையெழுத்து மாதிரி. அண்ணிக்கு எல்லாமே பொம்மைப் புத்தகம்தான்.

இப்போது மூன்றாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் மழைக்காரர் பக்கத்தில் குதிரைக்காரர், அவர் பக்கத்தில் மறுபடி மழைக்காரர். எல்லாம் கலந்து, அச்சடித்த நம்பர் வரிசையில் கச்சிதமாக நின்றன.

"மேடம், உங்க ஆளுங்க யாராவது இத அடுக்குனாங்களா?"

"நாங்க எங்க தொட்டோம்? முதல்ல வந்ததே நான்தான். அப்பவே இப்படித்தான் இருந்துச்சு. இந்தப் பக்கம் எதுவும் கலையலன்னுதான் ரேகை எடுக்கிறவங்களும் விட்டுட்டாங்க."

வேன் அக்கா குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு இதழையும் அண்ணன் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பான். அந்த இரண்டு தட்டு உறைகளின் ஓரத்தில் மட்டும் காய்ந்த சேறு. நேர் கீழே தரையில், கூரைக் குழாய் ஒழுகி ஒழுகி ஊறிப்போன இடம்.

அவள் நிமிர்ந்தாள்.

"மேடம், சண்டையில இந்த ரெண்டு தட்டும் கொட்டியிருக்கு. ஈரத் தரை. புக்கு நனைஞ்சிடுமேன்னு ஒருத்தன் குனிஞ்சு ஒண்ணொண்ணா எடுத்து அடுக்கியிருக்கான். எங்கண்ணன் பக்கத்துல விழுந்து கெடக்கான். மனுஷனத் தூக்கல மேடம். புக்கத் தூக்கி வெச்சிருக்கான்."

பெண் காவலர் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். வேன் அக்கா கல்லாவுக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய புத்தகத்தைக் காணோம்.

இன்ஸ்பெக்டர் போனில் பொறுமையாகத்தான் கேட்டார், பாதிவரைக்கும்.

"ஏம்மா, புக்கு மாத்தி அடுக்கியிருக்குன்னு ஆள விடச் சொல்றீங்களா?"

"மாத்தி இல்ல சார், நம்பர் வரிசையா அடுக்கியிருக்கு."

"வரிசையாதானே இருக்கணும்?"

"அதான் சார் தப்பே! எங்கண்ணன் கடையில வரிசையா இருக்கவே கூடாது. எந்தம்பி அடுக்கியிருந்தா பாதி தலைகீழா இருக்கும். அவனுக்குக் குழாயத் தவிர ஒண்ணும் தெரியாது, அதுவும் அரைகுறை."

"நீங்க ரொம்ப காமிக்ஸ் படிக்கிறீங்கன்னு நினைக்கிறேன்."

"ஆமா சார். படிக்கலன்னா இது என் கண்ணுலயே பட்டிருக்காது."

இன்ஸ்பெக்டர் பேப்பரைத் தேடுகிற சத்தம் கேட்டது. "சரி. நம்பர் வரிசை பைத்தியம் யாரு?"

அந்த வட்டாரத்துக் காமிக்ஸ்காரர்கள் எவரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். மருந்துக் கடைக்காரர். பட்டப்பெயர் முழு செட்டு. ஒன்றாம் நம்பரிலிருந்து கடைசிவரை எல்லாம் வைத்திருக்கிறார், முப்பத்தெட்டைத் தவிர. அது அண்ணனிடம் மட்டும் இருந்தது. என்ன கொடுத்தாலும் தரமாட்டேன் என்றுவிட்டான். வேன் அக்காவை எங்கே பார்த்தாலும், பெட்ரோல் பங்க் ஆகட்டும், கல்யாண வீடு ஆகட்டும், "முப்பத்தெட்டு விஷயம் அண்ணன்கிட்ட சொன்னீங்களா?" என்பார். 'எப்படி இருக்கீங்க' என்பதற்குப் பதில் அது.

"அந்த டப்பாவுல இருந்தது அதுதான் சார். இப்ப இல்ல."

"அது அவரு காப்பின்னு எப்படிச் சொல்றது? வேற எடத்துல வாங்கினேம்பான்."

"நடுப்பக்கத்துல குதிரை கண்ணாடி போட்டிருக்கும் சார். பச்சைப் பென்சில். நான்தான் போட்டேன், ஆறு வயசுல. அதனாலதான் அண்ணன் அத யாருக்கும் குடுக்கல."

போட்டோக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"வீட்டுல எங்கன்னு போய்த் தேடச் சொல்றீங்க?"

"தேடவே வேணாம் சார். முப்பத்தேழுக்கும் முப்பத்தொம்பதுக்கும் நடுவுல பாருங்க. வேற எங்கயும் ஒளிச்சு வெக்க அந்தாளுக்குக் கை வராது."

வீட்டுக்குப் பெண் காவலரும் வேனில் கூடவே வந்தார். "அந்தாள் அங்க இருந்தா மூஞ்சியில எதையும் காட்டாதீங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

முழு செட்டு இருந்தார். வாசலில் வாடகை நாற்காலிகளை ஒரு கோட்டில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். யாராவது எழுந்தால் உடனே போய் அந்த நாற்காலியைச் சரிசெய்தார். "எவ்வளவு பொறுப்பு பாரு" என்று சித்தப்பா மெச்சிக்கொண்டார்.

வேன் அக்காவைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். "தைரியமா இருங்கம்மா. அவர மாதிரி மனுஷன் கெடைக்க மாட்டாரு."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். முப்பத்தெட்டைக் கேட்கவில்லை.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்கவில்லை! வேன் அக்காவுக்கு அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடிக்கக் கை துடித்தது. கையில் அண்ணன் போட்டோ இருந்ததால் பிழைத்தார்.

உள்ளே அண்ணி போட்டோவை வாங்கித் தலைமாட்டில் சாய்த்து வைத்தாள். "போட்டோ எடுக்க இவ்வளவு நேரமா?"

"அண்ணி, கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம்."

"எதுக்கு? அவனுக்காகவா?"

"அவன் செய்யல அண்ணி."

"அவன் வாயால சொன்னத இந்தத் தெருவே கேட்டுச்சு. பத்து வயசுலருந்து சோறு போட்டு வளர்த்த கை இது" என்று அண்ணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்கிட்ட அவனப் பத்திப் பேசாத."

அமரர் ஊர்தி வந்துவிட்டது. சித்தப்பா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். தூக்குவதற்கு ஆட்கள் எழுந்தார்கள். இன்ஸ்பெக்டரிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.

வேன் அக்கா வெளியே வந்து தன் மஞ்சள் வேனில் ஏறி, அதைச் சந்து முனையில் குறுக்காக நிறுத்தி, சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். இனி ஒரு சைக்கிள்கூட வெளியே போக முடியாது.

"என்னம்மா பண்ற?" சித்தப்பா ஓடி வந்தார்.

"வண்டி நின்னுபோச்சு சித்தப்பா. ஸ்டார்ட் ஆகல."

"இப்பதானே ஓட்டிட்டு வந்த!"

"அதான் எனக்கும் ஒண்ணும் புரியல."

ஆளாளுக்குத் திட்டினார்கள். ஊர்தி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். நாலு பேர் தள்ளிப் பார்த்தார்கள். கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கும் இழுத்து வைத்த வண்டி எங்கே நகரும்? "பொம்பளைக்கு வேன் எதுக்கு" என்று ஒருவர் ஆரம்பித்தார். முழு செட்டு மட்டும் வேன் கோணலாக நிற்பதையே சகிக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தான் சொன்னது பொய்த்துவிட்டால்? அந்தப் புத்தகம் அங்கே இல்லாவிட்டால்?

போன் அடித்தது.

"இருந்துச்சும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். குரலே மாறியிருந்தது. "முப்பத்தேழுக்கும் முப்பத்தொம்பதுக்கும் நடுவுலதான். குதிரை கண்ணாடி போட்டிருக்கு. கடையில அந்த உறைங்க மேல இப்ப எடுத்த ரேகையும் மருந்துக் கடைக் கண்ணாடியில எடுத்த ரேகையும் ஒண்ணுதான்னு பாத்தவர் சொல்றாரு. உங்க தம்பிய விசாரணைக்குத்தான் வெச்சிருந்தோம். ஜீப்புல ஏத்திட்டேன்."

பள்ளிப் பிள்ளைகளைத் தெரு முனையிலிருந்து கூப்பிடுவதற்காக வேன் அக்கா பழகி வைத்திருந்த விசில் ஒன்று உண்டு. இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அதை அடித்தாள். சாவு வீட்டு வாசலில், பெட்டி உள்ளே இருக்க, மூச்சு உள்ளவரை அடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட மறுபடியும் அடித்தாள். சித்தப்பா, "ஐயோ, பொண்ணுக்குப் புத்தி கலங்கிடுச்சே" என்று தலையில் கை வைத்தார்.

அதற்குள் தனக்கும் போன் வந்திருந்த பெண் காவலர் மெதுவாக நடந்துபோய் முழு செட்டின் தோளில் கை வைத்தார். "மருந்துக் கடைக்காரரே, வாங்க. உங்க அலமாரியில முப்பத்தெட்டு இருக்காம்."

முழு செட்டு ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. "மடிக்காம எடுத்தாங்களா?" என்றுதான் கேட்டார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பொறுப்பாக அடுக்கியிருந்த நாற்காலிகள் நாலாபக்கமும் சரிந்தன. சித்தப்பாவே ஒன்றை எட்டி உதைத்தார். வேன் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

"அண்ணி! மருந்துக் கடைக்காரன், அண்ணி! நம்ம பையன் செய்யல! நான் கண்டுபிடிச்சேன், அண்ணன் அடுக்கினத வெச்சு நான் கண்டுபிடிச்சேன்!"

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் பார்த்தாள். "கேட்டீங்களா?" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. இரண்டு நாளாகக் கட்டி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

ஜீப் வந்து மஞ்சள் வேனுக்கு முன்னால் நின்றது. தம்பி இறங்கினான். இரண்டு நாள் அழுக்குச் சட்டை, தாடி. வேனைச் சுற்றிக்கொண்டு வந்தவன் வாசற்படியில் நின்றுவிட்டான். உள்ளே கால் வைக்கவில்லை. கூட்டம் அவனுக்கு வழிவிட்டு அண்ணியைப் பார்த்தது.

"குழாய அன்னிக்கே பாத்திருந்தேன்னா நானும் அங்க இருந்திருப்பேன் அண்ணி" என்றான் தம்பி.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இந்தச் சட்டையோடயா தூக்கப் போற? பீரோல உங்க அண்ணன் சட்டை இருக்கு. போட்டுட்டு வா."

அவன் உள்ளே போனான். நீல நிறச் சட்டையில் வெளியே வந்தான். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. ஒரு பொத்தான் மாறி, கீழே ஒரு பக்கம் நீண்டு தொங்கியது. வேன் அக்கா சரிசெய்யக் கையை நீட்டினாள்.

"விடு" என்றாள் அண்ணி. "அவரும் அப்படித்தான் போடுவாரு."

வேன் அக்கா கையை இழுத்துக்கொண்டாள். தம்பி குனிந்து பெட்டியின் தலைப்பக்கத்தைப் பிடித்தான். இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். தூக்கினார்கள். சரிந்து கிடந்த நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து பெட்டி வாசலைத் தாண்டியது.

"வேன எடும்மா" என்றார் சித்தப்பா, சன்னமாக.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். வேன் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.